ஹெட்லைட் வராத பஸ்

ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் சேக் முகைதீனின் விசில் சத்தம் கேட்டால் டிரைவர்கள் டீ கிளாசை வைத்துவிட்டு ஓடுவார்கள். தனியார் பஸ் முதலாளிமார் நாலைந்து பேர் சேர்ந்து சம்பளம் கொடுத்து வைத்த ஆள் அவர். காக்கிச் சட்டை கிடையாது, தொப்பி கிடையாது. ஒரு நோட்டு, ஒரு விசில், இடது கையில் ஒரு கடிகாரம், அம்புட்டுதான். ஆனால் ஒரு நிமிஷம் பிந்தினாலும் விடமாட்டார்.

"ஏலே, ஒம்பது பத்துன்னா ஒம்பது பத்துதாம்லே. ஒம்பது பதினொண்ணு அடுத்த வண்டிக்காரன் நேரம். அடுத்தவன் நேரத்தை எடுக்கவனுக்கும் அடுத்தவன் பாக்கெட்டுல கைவிடுதவனுக்கும் என்னலே வித்தியாசம்?" என்று பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கேட்பார்.

அப்பேர்ப்பட்ட மனுஷர் அடுத்தவர் பொருளை எட்டு மாதம் வீட்டுக்குள் வைத்துக்கொண்டு, தெரியாத மாதிரி இருந்தார் என்றால் யார் நம்புவார்கள்? நம்பித்தான் ஆக வேண்டும். ஊருக்கு உபதேசம் பண்ணுகிற வாய் தன் வீட்டு வாசல்படி ஏறியதும் மூடிக்கொள்வது இவர் ஒருவருக்குத்தான் என்றில்லை.

முதலில் பேர் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பள்ளிவாசல் தெருவில் மட்டும் சேக் முகைதீன் என்ற பேரில் நாலு பேர். சோடாக் கம்பெனி வைத்திருப்பவர் சோடா சேக். மாவுமில் வைத்திருப்பவர் மாவுமில் சேக். தெருக்கடைசியில் பேண்டேஜ் துணி நெய்கிற தறி நாலு போட்டிருப்பவர் பேண்டேஜ் சேக். நம் ஆள் டைம் கீப்பர் சேக். ஒருவருக்கு வந்த கல்யாணப் பத்திரிகையை இன்னொருவர் வாங்கி, குடும்பத்தோடு போய் பிரியாணி சாப்பிட்டு, மொய்யும் எழுதிவிட்டு வந்த கதையெல்லாம் அந்தத் தெருவில் உண்டு.

அதெல்லாம் சடகோபன் தபால்காரராக வருவதற்கு முன்னால். சடகோபன் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். நெற்றியில் திருமண் இல்லாமல் வெளியே வரமாட்டார். காலையில் முதல் பஸ்ஸில் ராஜபாளையம் வந்து, தபாலாபீஸில் நிற்கிற சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புவார். கதவு எண்ணைப் பார்க்கிற வழக்கமே அவருக்குக் கிடையாது. பார்த்தும் பிரயோஜனமில்லை, நகராட்சிக்காரர்கள் மூன்று தடவை நம்பரை மாற்றி எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். கடிதம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பார். துபாய் முத்திரையா, சோடா சேக்குக்கு. கோயம்புத்தூர் நூல் மில் கவரா, பேண்டேஜ் சேக்குக்கு. பதினாறு வருஷத்தில் ஒரு கார்டு மாறிப் போனதில்லை. "நம்பரு பாக்கதுக்கு ஒரு ஆளு போதும் பாய், ஆளு பாக்கதுக்குத்தான் போஸ்ட்மேன் வேணும்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம், பொங்கல் கழிந்த மறுவாரம், சடகோபன் பஸ் ஸ்டாண்டில் சைக்கிளை நிறுத்தி ஒரு பார்சலை நீட்டினார்.

"பாய், பம்பாயில இருந்து உமக்கு ரிஜிஸ்தர் பார்சல் வந்திருக்கு. மேல பஸ் படம் போட்டிருக்கான் பாரும். பஸ்ஸுன்னா நம்ம தெருவுல உம்ம விட்டா வேற யாரு? கையெழுத்தைப் போடும்."

சேக் முகைதீனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆறு மாதத்துக்கு முன்னால் டீத்தூள் பாக்கெட்டில் இருந்த பரிசுக் கூப்பனைப் பூர்த்தி செய்து அனுப்பியது ஞாபகம் வந்தது. அதுதான் விழுந்திருக்கிறது என்று நினைத்தார். சத்தியமாக அப்படித்தான் நினைத்தார். அந்த ஒரு பார்சலுக்கு அவர் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

வீட்டில் பிரித்தால், உள்ளே வழவழவென்று ஓர் ஆங்கிலப் பத்திரிகை, கூடவே ஒரு அட்டைப் பெட்டி. பெட்டிக்குள் இரண்டு சின்ன டயர், ஒரு ஆக்ஸில், ஒரு ஸ்டியரிங். டயரில் நிஜ டயர் மாதிரியே கட்டம் கட்டமாக வெட்டு. மாதம் ஒரு இதழ், இதழுக்கு ஒரு பாகம், பதினெட்டு மாதத்தில் ஒன்றேகால் அடி நீளத்துக்கு ஒரு முழு பஸ். இங்கிலீஷ் அவருக்கு எழுத்துக்கூட்டத்தான் தெரியும். படமும் நம்பரும் போதுமாயிருந்தது.

டிரைவர் ஆக வேண்டும் என்று அலைந்த ஆள் அவர். கண் பரிசோதனையில் சிவப்பும் பச்சையும் ஒன்றாகத் தெரிகிறது என்று சொல்லி மூன்று தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள். இருபது வருஷமாக அடுத்தவன் ஓட்டுகிற பஸ்ஸுக்கு விசில் ஊதிக்கொண்டிருப்பவர் கையில், சுண்டுவிரல் நுனியில் நிற்கிற மாதிரி ஒரு ஸ்டியரிங். அதை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மனைவி ஜரீனா சிரித்தாள்.

"பாத்துங்க, ஆக்சிடெண்டு ஆயிரப் போவுது."

பிப்ரவரியில் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸ் வந்தது. மார்ச்சில் இன்ஜின் வந்தது. நகக்கண் அளவு ஃபேன், மயிரிழை மாதிரி பெல்ட். பெட்டியின் மூடிக்குள் மடித்து ஒட்டியிருந்த ஒரு காகிதமும் வந்தது. தமிழில் எழுதியிருந்தது.

'அத்தா, இந்தப் பத்திரிகைக்காரர்கள் மூலமாகவே இதை வைத்து அனுப்புகிறேன். டாக்டர் சொன்ன மாதிரி விரலை மடக்கி நீட்டிச் சின்ன வேலை பார்த்தால் கை பழையபடி வரும். அவசரமே வேண்டாம். முடிகிற அன்றைக்கு நான் வந்து பார்ப்பேன். காதர்.'

டைம் கீப்பர் சேக் முகைதீனுக்கு மகன் கிடையாது. இரண்டும் பெண். காதர், பேண்டேஜ் சேக்கின் மகன். பம்பாயில் வேலை பார்க்கிறவன். போன வருஷம் பேண்டேஜ் சேக்குக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் லேசாக இழுத்துவிட்டது. நடை வந்துவிட்டது, பேச்சு வந்துவிட்டது, வலது கை விரல் மட்டும் மடங்கினபடியே நின்றுவிட்டது. இது தெருவில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். ஆகவே யார் வீட்டுப் பொருள் என்று கண்டுபிடிக்க யோசனையே தேவைப்படவில்லை. படித்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

உடனே எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அதையும் சொல்ல வேண்டும். தெருக்கடைசி வரைக்கும் போனார். பேண்டேஜ் சேக் வீட்டுக்குள் தறி ஓடுகிற சத்தம் கேட்டது. அங்கே நிற்கும்போதுதான் அந்த யோசனை வந்தது. இன்ஜினில் ஃபேன் இன்னும் மாட்டவில்லை. அரைகுறையாகவா கொடுப்பது? மாட்டிவிட்டு நாளைக்குக் கொடுத்தால் என்ன கெட்டுவிட்டது? திரும்பிவிட்டார்.

ஃபேனை மாட்டினார். விரலால் சுண்டினால் சுற்றியது. மறுநாள் கொடுக்கவில்லை. அதற்கு மறுநாளும் கொடுக்கவில்லை. ஏப்ரலில் சடகோபன் அடுத்த பார்சலை நீட்டியபோது, பேனாவை வாங்கி, தன் பேரைச் சுத்தமாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். முதல் மூன்று கையெழுத்தும் தெரியாமல் போட்டது. இது திருட்டுக் கையெழுத்து. போடும்போது காது சூடானது, ஆனாலும் போட்டார்.

அப்புறம் சீட்டுகள் வந்தன. ஒவ்வொரு சீட்டையும் பசை வைத்து, நூல் பிடித்துப் பார்த்து ஒட்டினார். பக்கத் தகடு வந்தது, ஜன்னல் கம்பி வந்தது, மேலே ஏறுகிற ஏணியும் கூரையும் வந்தன. வர்ணம் அடிக்க ஜரீனாதான் டப்பா எடுத்துக் கொடுத்தாள்; பச்சை எது, சிவப்பு எது என்று அவள்தான் சொல்ல வேண்டும். பின்பக்கம் 'ராஜபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர்' என்று ஊசிமுனையால் எழுதினார். இதெல்லாம் செய்கிறபோது மனசு லேசாக இருக்கும். பீரோ மேல் தூக்கி வைத்துவிட்டு இறங்கினால் போச்சு, நெஞ்சுக்குள் ஏதோ உட்கார்ந்துகொள்ளும். கடைசியில் முழுசாகச் செய்து கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன், அவருக்குச் சந்தோஷம்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். விரல் நிமிராத மனுஷனுக்கு மகன் அனுப்பினது பஸ் இல்லை, வேலை என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் அப்படிச் சொல்லிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமைகளில்தான் பெரும்பாடு. பள்ளிவாசலில் தொழுகைக்கு முன்னால் கைகால் கழுவி ஒளு செய்கிற இடத்தில் பேண்டேஜ் சேக் இடது கையாலேயே முகம் கழுவுவார், இடது கையாலேயே கால் கழுவுவார். இடது கையைக் கழுவ வலது கையில் தண்ணீர் நிற்காது. ஒரு நாள் நம் ஆள் ஓடிப்போய் மக்கில் தண்ணீர் மொண்டு ஊற்றினார்.

"அல்லா உம்மளுக்கு நல்ல பரக்கத்தைக் குடுக்கட்டும்" என்றார் அவர்.

அன்று தொழுகையில் இவருக்கு எத்தனை ரக்கஅத் முடிந்தது என்றே தெரியவில்லை. பக்கத்தில் நிற்கிறவர் குனிந்தால் குனிந்தார், எழுந்தால் எழுந்தார்.

ஆகஸ்டில் காதர் லீவில் வந்தான். வந்ததும் வராததுமாக, "எங்கத்தா பஸ்ஸு?" என்று கேட்டான். "எந்த பஸ்ஸு?" என்றார் தகப்பனார். எட்டு மாதமாக போனில் "விரலுக்குப் பயிற்சி பண்ணுதீங்களா?" என்று மகன் கேட்டது பஸ்ஸை நினைத்து என்றும், "பண்ணுதேன்பா" என்று தகப்பனார் சொன்னது ஆஸ்பத்திரியில் கொடுத்த ரப்பர் பந்தை நினைத்து என்றும் அப்போதுதான் தெரிந்தது. காதர் படித்த பையன். பம்பாய்க்கு எழுதி எட்டு பார்சலுக்கும் ரசீது நம்பர் வாங்கி, தபால் இலாகாவுக்குப் புகார் எழுதிப் போட்டுவிட்டு லீவு முடிந்து போய்விட்டான். ஒரு வாரத்தில் இன்ஸ்பெக்டர் வந்து, கையெழுத்து வாங்கின சீட்டை எடுத்துக் காட்டினார். "இது என் கையெழுத்து இல்லை, நான் வலக்கையால பேனாவைப் பிடிச்சே ஒரு வருசமாச்சு" என்றார் பேண்டேஜ் சேக்.

அன்று சாயங்காலம் சடகோபன் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். சைக்கிள் இல்லை. டைம் கீப்பரைத் தனியாகக் கூட்டிப்போனார்.

"பாய், மோசம் போயிட்டோம். அந்தப் பஸ்ஸு பார்சலு உம்மது இல்ல. பேண்டேஜ் பாயோடது. பேருக்கு முன்னால அவிய இனிஷியல் கே போட்டிருந்ததை நான் பாக்கவே இல்ல. பஸ் படத்தைப் பாத்தேன், உம்ம மூஞ்சிதான் ஞாபகம் வந்தது."

சேக் முகைதீன் கையிலிருந்த விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"இன்ஸ்பெக்டர்ட்ட நான் உம்ம பேரைச் சொல்லல. யாருக்குக் குடுத்தேன்னு ஞாபகம் இல்லன்னு சொல்லிட்டேன். சொன்னா, ரெண்டு பேரும் கூட்டுச் சேந்து அமுக்கிட்டானுவன்னு எழுதிருவான். உமக்கு ரெண்டு பொம்பளப்பிள்ளைக. எனக்கென்ன, ரெண்டு நாளு அலைய விட்டு மெமோ குடுத்து விட்டுருவான். எல்லாம் அடங்கின பொறவு பஸ்ஸைக் கொண்டு போயி அவியட்ட குடுத்துருவோம்." சொல்லிவிட்டு சடகோபன் அவர் முகத்தைப் பார்த்தார். "உமக்குத் தெரியாதுல்ல பாய்? தெரிஞ்சிருந்தா குடுத்திருப்பீருல்ல?"

"தெரியாது சாமி" என்றார் சேக் முகைதீன்.

"அது போதும் எனக்கு" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார் சடகோபன்.

ரெண்டு நாள் அலையவிடவில்லை. மறுநாளே சஸ்பெண்டு ஆர்டர் வந்துவிட்டது. பொய்க் கையெழுத்துப் போட்டு ரிஜிஸ்தர் பார்சலைத் திருடிய குற்றம். பதினாறு வருஷம் ஆள் பார்த்துத் தபால் கொடுத்த மனுஷரை ஊர் அரை நாளில் ஆள் பார்த்துவிட்டது. சோடா சேக், தனக்குத் துபாயிலிருந்து வர வேண்டிய ஒரு கடிதம் ரெண்டு வருஷத்துக்கு முன்னால் வரவேயில்லை என்று இப்போது சொன்னார். மாவுமில் சேக், அவர் நாமத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிச் சிரித்தார். அதையெல்லாம் கேட்டுக்கொண்டு நம் ஆள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

ஜரீனா விஷயத்தைக் கேள்விப்பட்டதும் பீரோ மேலே பார்த்தாள்.

"என்னங்க, அது நம்ம கூப்பன் பஸ்ஸு இல்லையா?"

"மாறி வந்திருக்கு. சாமி சொல்லியிருக்காரு, இப்ப வாயைத் திறக்க வேண்டாம்னு."

"தெரியாம வந்ததுதான? தெரிஞ்சதும் குடுத்தாத் தீந்துச்சு. அந்த மனுசன் தெருத்தெருவா நாறிக்கிட்டு இருக்காரு."

"அவருதான சொல்லியிருக்காரு!" என்று கத்தினார். ஜரீனா ஒரு பழைய போர்வையை எடுத்துப் பஸ்ஸை மூடினாள். அவளிடமும் அவர் காகிதத்தைக் காட்டவில்லை.

புதுத் தபால்காரர் கதவு எண் பார்த்துக் கொடுக்கிறவர். ஒன்பதாவது பார்சல் சரியாகப் பேண்டேஜ் சேக் வீட்டுக்குப் போனது. முன்பக்கத் தகடும், ரெண்டு ஹெட்லைட்டும். தெரு பூராவும் அதுதான் பேச்சு: "வண்டியைச் சாமி முழுங்கிட்டாரு, மொகரைக்கட்டையை மட்டும் விட்டுட்டாரு." இங்கே பீரோ மேல் முகமில்லாமல் ஒரு பஸ். அங்கே உடம்பில்லாமல் ஒரு முகம்.

சடகோபனுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. தினமும் பஸ்ஸேறி ராஜபாளையம் வந்துவிடுவார். தபாலாபீஸுக்குள் விடமாட்டார்கள். தெருவுக்குள் போனால் கதவு சாத்துகிறார்கள். ஆகவே பஸ் ஸ்டாண்டிலேயே டைம் கீப்பர் பக்கத்தில் நிற்பார். சேக் முகைதீன் தினமும் அவரை டீக்கடைக்குக் கூட்டிப்போவார். ஒரு டீ, ஒரு வடை. ஒரு நாள் விடாமல் வாங்கிக் கொடுத்தார். பாவத்துக்கு டீ வாங்கிக் கொடுக்கிறோம் என்று தெரியும். வேறென்ன செய்வது? செய்ய வேண்டியது ஒன்று இருந்தது, அதைச் செய்யத்தான் ஆள் இல்லை.

"நீரு ஒருத்தர்தான் பாய் மொகம் குடுத்துப் பேசுதீரு" என்பார் சடகோபன். சேக் முகைதீன் விசிலை எடுத்து, போகவேண்டிய நேரம் வராத பஸ்ஸைப் பார்த்து ஊதுவார். அந்த நாட்களில் பிந்தி வந்த டிரைவர்களை அவர் திட்டவே இல்லை. பாய்க்கு உடம்பு சரியில்லை என்று டிரைவர்கள் பேசிக்கொண்டார்கள்.

இருபத்தைந்தாம் நாள் சடகோபன் வந்தபோது நெற்றியில் திருமண் இல்லை. டீ கிளாசைக் கையில் வாங்கிக்கொண்டு குடிக்காமல் நின்றார்.

"எம்மக அம்புஜவல்லி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள்ல. நேத்து மகாராஜபுரத்துல இருந்து மாமியாக்காரி வந்தா. திருட்டுப் பட்டம் கட்டுன வீட்டுல எங்க வீட்டுப் பிள்ளை பொறக்க வேண்டாம்னு சொல்லிட்டா. ஒம்பது மாச வயித்தோட பிள்ளையை பஸ்ஸுல ஏத்திக் கூட்டிட்டுப் போயிட்டா பாய். நான் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். என்ன சொல்ல முடியும்? இல்லன்னு சொல்ல எங்கிட்ட என்ன இருக்கு?" என்றவர், "நாளைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆபீஸ்ல கடைசி விசாரணை. நான் எடுத்தேன்னு ஒத்துக்கிட்டா ஜெயிலுக்கு அனுப்பாம வேலையை மட்டும் பறிச்சிட்டு விட்டுருவானாம். ஒத்துக்கிடலாம்னு இருக்கேன்" என்றார்.

சேக் முகைதீன் அன்று சாப்பிடவில்லை. காலையில் போர்வையை எடுத்துவிட்டுப் பஸ்ஸைத் துணிப்பையில் வைத்தார். ஜரீனா பார்த்துவிட்டு, "அல்லா காப்பாத்துவான், போயிட்டு வாங்க" என்றாள். குர்ஆன் வைக்கிற பலகைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த காதரின் காகிதத்தையும் எடுத்தார். எடுத்தவர், வேண்டாம் என்று மறுபடி வைத்தார். பஸ்ஸைக் கொடுத்துத் தெரியாமல் வாங்கினேன் என்று சொன்னால் போதாதா? சடகோபன் திருடன் இல்லை என்று ஆகிவிடும், இவரும் திருடன் இல்லை என்று ஆகிவிடும். வாசல்வரை போனவர், திரும்பி வந்து காகிதத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். காட்டுவதாக முடிவெல்லாம் செய்யவில்லை. வீட்டில் விட்டுவிட்டுப் போகவும் தைரியமில்லை.

ஒன்பது பத்து பஸ்ஸில் ஏறினார். மடியில் பை. வன்னியம்பட்டி விலக்கில் ஒரு குழி. பஸ் தூக்கிப்போட்டதில் பையை ரெண்டு கையாலும் பிள்ளையைப் பிடிக்கிற மாதிரிப் பிடித்துக்கொண்டார். அப்போதும் கூரை நசுங்கிவிடக் கூடாதே என்றுதான் மனசு பதறியது. அதை நினைத்துத் தன்மேலேயே அவருக்கு அருவருப்பு வந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் தபாலாபீஸ் மாடியில் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். எதிரே பேண்டேஜ் சேக். ஓரத்தில் சடகோபன் நின்றுகொண்டிருந்தார். யாரும் கூப்பிடாமல் உள்ளே போய் நம் ஆள் பஸ்ஸை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"சார், அந்தக் கையெழுத்து என்னோடது."

"நீங்க யாரு?"

"சேக் முகைதீன்."

இன்ஸ்பெக்டர் பேண்டேஜ் சேக்கைப் பார்த்தார். "அப்ப இவரு?"

"அவியளும் சேக் முகைதீன்தான். எங்க தெருவுல நாலு பேரு இருக்கோம்."

சடகோபன் பதறிப்போய் முன்னால் வந்தார். "சார், இவருக்கு ஒண்ணும் தெரியாது. ஆளு மாறிக் குடுத்தது நானு. தனக்கு வந்ததுன்னு நெனச்சு வாங்கிக்கிட்டாரு. அம்புட்டுதான் சார், பாய் மேல ஒரு தப்பும் இல்ல."

இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இதை மொதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? சரி, திருட்டு இல்ல. ஆனா எட்டு ரிஜிஸ்தர் பார்சலை, மாசா மாசம், பேரும் நம்பரும் பாக்காம வேற ஆளுக்குக் குடுத்திருக்கீரு. கேட்டதுக்கு ஞாபகமில்லைன்னு பொய் வேற. திருட்டோ இல்லையோ, வேலை போறது போறதுதான்."

"சரி சார்" என்றார் சடகோபன்.

சேக் முகைதீன் சட்டைப் பையைத் தொட்டார். இப்போது கும்பிட்டுவிட்டு வெளியே போனால் யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. சடகோபனே அதற்கு வழி செய்து கொடுத்துவிட்டார். நல்ல மனுஷன், பாவம், பேர் ஒற்றுமையால் மாட்டிக்கொண்டான் என்று ஊரும் சொல்லும். ரெண்டு பெண்களுக்கும் ஒரு குறையும் வராது. அந்த நினைப்போடு ரெண்டு அடி பின்னால்கூட வைத்துவிட்டார். ஆனால் சடகோபனின் வெறும் நெற்றி கண்ணில் பட்டது, கால் நகரவில்லை.

"எட்டு இல்ல சார், மூணுதான் அவரு தப்பு" என்று காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். "இது மார்ச் மாசப் பெட்டிக்குள்ள இருந்தது. அன்னைக்கே படிச்சிட்டேன். யாருக்கு வந்ததுன்னு அன்னைக்கே தெரியும். தெரிஞ்சேதான் பொறவு அஞ்சு தடவை கையெழுத்துப் போட்டேன்."

பேண்டேஜ் சேக் இடது கையால் காகிதத்தை எடுத்து, தள்ளிப் பிடித்து, மகன் எழுதியதை மெதுவாகப் படித்தார். ரெண்டு தடவை படித்தார். பிறகு பஸ்ஸைத் தன் பக்கம் இழுத்து, பின்பக்கப் படிக்கட்டையும் சீட்டையும் பார்த்தார். மடங்கிய வலது கை விரலை ஜன்னல் கம்பிமேல் கொண்டுபோய் வைக்கப் பார்த்தார். அது வழுக்கி வழுக்கி விழுந்தது.

"நல்லாச் செஞ்சிருக்கீரு" என்றார். "எனக்கு இம்புட்டுச் சுத்தமா வந்திருக்காது."

அதற்குப் பதிலாக அவர் இவர் முகத்தில் காறித் துப்பியிருக்கலாம்.

இவர்மேல் போலீசில் எழுதிக் கொடுக்கிறீர்களா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். பேண்டேஜ் சேக் வேண்டாம் என்று தலையசைத்தார். இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் எழுதிவிட்டு, "மேலதிகாரிக்கு அனுப்புதேன். ஒரு வருச இன்கிரிமெண்டு போகும். வேலை போகாது. திங்கக்கிழமை வாரும்" என்று சடகோபனிடம் சொன்னார். சடகோபன் அதைக் கேட்ட மாதிரியே தெரியவில்லை. அவர் டைம் கீப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சடகோபன் படியிறங்கி வெளியே வந்ததும் சேக் முகைதீன் பின்னாலேயே ஓடினார்.

"சாமி, செத்த நில்லும்."

சடகோபன் நின்றார். திரும்பவில்லை.

"மார்ச்சுலயேவா பாய்?"

"ஆமா சாமி."

"பஸ் ஸ்டாண்டுல வச்சுக் கேட்டேன்ல, உமக்குத் தெரியாதுல்லன்னு."

"கேட்டீரு."

"எம்மக போனான்னு சொன்னேன்ல நேத்து. அப்பவும் தெரியும்."

"தெரியும். செருப்பைக் கழத்தி அடியும் சாமி. நாலு பேரு பாக்க அடியும், வாங்கிக்கிடுதேன்."

சடகோபன் இப்போது திரும்பினார். கோபமாக இருப்பார் என்று பார்த்தால், கோபமே இல்லை. ஏதோ ஒரு கணக்கு ஒத்துவராத மாதிரி முழித்தார்.

"இருபத்தாறு நாளு பாய். ஊரே காறித் துப்புச்சு. இந்த ஒரு மனுசனாவது நம்மள நம்பி ஒரு டீ வாங்கித் தாராரேன்னு, அதை நெனச்சுத்தான் மறுநாளு காலம்பற எந்திரிச்சேன். அம்புட்டு டீயையும் இப்ப நான் எங்க கொண்டு போயிக் கக்க?"

சடகோபன் பதிலுக்காக நிற்கவில்லை. மகாராஜபுரம் போகிற பஸ் கிளம்புகிற சத்தம் கேட்டது. மகளைப் பார்க்க அதைப் பிடிக்க ஓடினார்.